ஆறாயிரம் ரூபாய் கியூப் தேவையா? கடற்கரைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை அந்தச் சமயத்தில்தான். பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த நாட்களில் மாலை நான்கு மணிக்கெல்லாம் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு ரூபிக் கியூப் (கலைந்த நிறங்களைத் திருப்பித் திருப்பிப் பக்கத்துக்கு ஒரு நிறமாகச் சேர்க்கும் கனசதுரம்), நடுவில் டைமர் ஓடும் பழைய கைபேசி ஒன்று. வீடுகளில் கைச்செலவுக்கே பணம் இறுகிப்போகும் அந்த மாதங்களில்தான் இந்தக் கேள்வியும் வருகிறது: "அண்ணே, ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு கியூப் வருகிறதாமே. அதை வாங்கினால் வேகமாகச் சேர்த்துவிடலாமா?"

சென்ற ஆண்டு இப்படிக் கேட்ட ஒரு பையனின் அம்மா மறுநாள் தனியாக வந்தார். கருவாடு விற்ற காசில் கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பதாகவும், மகன் ஆசைப்படுவதால் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒரு கியூபைச் சேர்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறவருக்கு விலை உயர்ந்த கியூப் வேண்டாம். எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும், உள்ளே சிறு காந்தங்கள் வைத்த காந்தக் கியூப் தாராளமாகப் போதும். இருபது விநாடிக்குக் கீழே வந்துவிட்டவர் யோசிக்கலாம். நடுவில் இருப்பவர் கீழே சொல்லும் சோதனைகளைத் தாமே செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

முதலில், கையில் இருப்பது எது?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்குக்கும் பாசிமாலைக்கும் நடுவே நூறு ரூபாய் கியூப் தொங்கும். ஊர்த் திருவிழாக் கடைகளிலும் அதுதான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பலருக்கு ஆசை அதில்தான் பிறக்கிறது. ஆனால் அது வேகத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மேல் அடுக்கைக் கொஞ்சமாக, கால் திருப்பில் பாதிக்கும் குறைவாகத் திருப்பி நிறுத்துங்கள். அப்படியே வலப்பக்கத்தைத் திருப்ப முயலுங்கள். பொம்மைக் கியூப் கல்லைப் போல நின்றுவிடும். வேகக் கியூபில் துண்டுகளின் உட்பக்கம் வளைவாக வெட்டப்பட்டிருப்பதால், மேல் அடுக்கு தானே விலகி இடம் கொடுத்து, வலப்பக்கம் திரும்பிவிடும்.

அவசரத்தில் யாராலும் ஒவ்வொரு திருப்பையும் நேராக முடிக்க முடியாது. அந்தச் சிறு கோணல்களை மன்னிக்கும் கியூபில்தான் வேகம் வரும். ஆகவே இந்தச் சோதனையில் தோற்ற கியூபை வைத்திருப்பவர் ஒரு நல்ல கியூப் வாங்கத்தான் வேண்டும். அது எத்தனை ரூபாய்க்கு என்பதுதான் பேச்சு.

எர்னோ ரூபிக் 1974இல் புடாபெஸ்டில் இந்தக் கியூபை உருவாக்கினார். அதே ஊரில் 1982இல் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் 22.95 விநாடியில் சேர்த்து வென்றார். 2011இல் ஆஸ்திரேலியாவின் ஃபெலிக்ஸ் ஜெம்டெக்ஸ் 5.66 விநாடியில் சேர்த்தார். 2023இல் அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் 3.13 விநாடியைத் தொட்டார். இந்த இறக்கத்தில் கியூபுக்கும் பங்கு உண்டு. 1982இன் இறுக்கமான கியூபை வைத்துக்கொண்டு ஐந்து விநாடியை யாரும் கனவு காண முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொழிற்சாலையிலேயே காந்தம் வைத்த கியூப்கள் கடைக்கு வந்தது 2016ஐ ஒட்டித்தான். ஜெம்டெக்ஸின் அந்த 5.66 விநாடி, காந்தமே இல்லாத கியூபில் வந்தது. இன்று எண்ணூறு ரூபாய்க்கு நம் வீட்டுக்கு வந்து சேரும் கியூப், அன்று அவர் கையில் இருந்ததைவிடப் பல வகையில் மேலானது. பொம்மையிலிருந்து வேகக் கியூபுக்கு மாறுவது பெரிய தாண்டல். வேகக் கியூபிலிருந்து விலை உயர்ந்த வேகக் கியூபுக்கு மாறுவது சின்ன அடி.

இரண்டாவது, காகிதமும் டைமரும் எடுங்கள்

காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய கணக்கு இது. எல்லாரையும் இதைச் செய்ய வைத்துவிட்டுத்தான் நான் மேற்கொண்டு பேசுவேன்.

சேர்த்து முடித்த கியூபைக் கையில் எடுங்கள். வலப்பக்கத்தை மேலே தள்ளுங்கள். மேல் அடுக்கின் முன்பகுதி இடப்புறம் போகுமாறு திருப்புங்கள். வலப்பக்கத்தைக் கீழே இறக்குங்கள். மேல் அடுக்கை மறுபடி வலப்புறமாகத் திருப்புங்கள். இது நான்கு திருப்பு. இதையே ஆறு முறை செய்தால் கியூப் மறுபடி முழுமையாகச் சேர்ந்து நிற்கும். மொத்தம் 24 திருப்பு. இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, தேடுவதற்கும் ஒன்றுமில்லை. கை மட்டும்தான் வேலை செய்கிறது. டைமரை வைத்து எத்தனை விநாடி ஆகிறது என்று பத்து முறை பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு 8 விநாடி ஆனது. அப்படியானால் அவன் கை விநாடிக்கு மூன்று திருப்பு திருப்புகிறது. அடுக்கு அடுக்காகச் சேர்க்கும் தொடக்க முறையில் ஒரு கியூபுக்குச் சுமார் 120 திருப்பு வேண்டும். 120 திருப்புக்கு 40 விநாடி. ஆனால் அவன் கியூபைச் சேர்க்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 1 நிமிடம் 50 விநாடி. மீதி 70 விநாடி எங்கே போனது? கியூபைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று தேடியதில் போனது. அந்த 70 விநாடியில் ஒரு விநாடியைக்கூட எந்தக் கியூபாலும் குறைத்துத் தர முடியாது.

என்னிடம் இருந்த விலை உயர்ந்த கியூபைக் கொடுத்து அதே 24 திருப்பைச் செய்யச் சொன்னேன். 7.2 விநாடி வந்தது. கியூப் நல்லது என்பதில் சந்தேகமில்லை. 120 திருப்புக்கு அது 36 விநாடி. ஆக, ஆறாயிரம் ரூபாய்க்கு 4 விநாடி மிச்சம். 1 நிமிடம் 50 விநாடி, 1 நிமிடம் 46 விநாடி ஆகும்.

திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் போட்ட இந்தக் கணக்கைப் பார்த்ததும் அந்த அம்மாவே, "அப்படியானால் இப்போதைக்குச் சின்னதே வாங்குகிறேன், தம்பி" என்றார். எண்ணூறு ரூபாய்க்கு உள்ளே ஒரு காந்தக் கியூப் வாங்கினோம்.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். தேடும் நேரம் பாதிக்கு மேல் இருந்தால், காசு செலவில்லாத வேலை நிறைய மீதி இருக்கிறது. தொடக்க முறையை விட்டு, வேகமாகச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் கையாளும் முறைக்கு மாறலாம்: முதலில் அடியில் கூட்டல் குறி, பிறகு மூலையையும் விளிம்பையும் சோடி சோடியாகச் சேர்த்து முதல் இரண்டு அடுக்கு, கடைசியில் மேல் அடுக்கு. இதில் சுமார் 60 திருப்பில் வேலை முடிந்துவிடும். மேல் அடுக்கின் நிறத்தைச் சேர்க்க 57 ஃபார்முலா (மனப்பாடம் செய்யும் திருப்பு வரிசை), துண்டுகளை இடம் மாற்ற 21 ஃபார்முலா என்று பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு கட்டமாகப் பிரித்துச் செய்தால் 10, 6 என மொத்தம் 16 ஃபார்முலாவில் ஆரம்பித்துவிடலாம். இரண்டு நாளைக்கு ஒன்று என்று படித்தாலும் தடைக்காலம் முடிவதற்குள் பதினாறும் கைக்கு வந்துவிடும். திருப்பின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் இந்த மாற்றத்தைக் கடையில் விலை கொடுத்து வாங்க முடியாது.

மூன்றாவது, கூடுதல் காசு எதற்குப் போகிறது?

விலையை ஒதுக்கித் தள்ளுவது என் நோக்கம் இல்லை. விலை உயர்ந்த கியூபைச் செய்கிறவர்கள் உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள். எந்த உழைப்பு நமக்குப் பயன்படும், எது படாது என்று தெரிந்தால் போதும்.

கியூபுக்குள் 26 துண்டுகள்: ஆறு நடுத்துண்டு, பன்னிரண்டு விளிம்புத்துண்டு, எட்டு மூலைத்துண்டு. ஆறு நடுத்துண்டும் உள்ளே இருக்கும் மையத்தோடு திருகாணியாலும் ஸ்பிரிங்காலும் பிணைக்கப்பட்டிருக்கும். சாதாரணக் காந்தக் கியூபில் விளிம்பும் மூலையும் தொடும் இடங்களில் 24 சோடியாக 48 சிறு காந்தங்கள் இருக்கும். ஒவ்வொரு கால் திருப்பு முடியும்போதும் அவை ஒன்றையொன்று இழுத்து, பக்கம் நேராக வந்து நிற்க உதவும். தொடக்கக்காரருக்குக் கிடைக்கும் உதவிகளில் இதுதான் பெரியது. இதற்கு ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய் போதும். மோயு நிறுவனத்தின் ஆர்எஸ்3எம் வரிசை இந்த விலையில் நெடுநாளாகப் பலருடைய முதல் கியூபாக இருந்து வருகிறது. என் திண்ணையிலும் அதுதான் அதிகம்.

அடுத்த படி, ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை. இங்கே மையத்திலும் காந்தம் வைத்திருப்பார்கள். மூலைகள் மையத்தோடு இழுபட்டு நிற்பதால் கியூப் இன்னும் கட்டுக்குள் இருக்கும். சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, ஒன்றையொன்று தள்ளும் காந்தங்களை வைத்திருப்பார்கள். இதைத்தான் மேக்லெவ் என்கிறார்கள். ஸ்பிரிங் உரசும் இடம் இல்லாமல் போவதால் திருப்பு மெத்தென்று, வேகமாக இருக்கும். இது ஒரு காலத்தில் விலை உயர்ந்த கியூபுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இப்போது ஆயிரத்துச் சொச்சத்துக்கும் வருகிறது.

மூவாயிரத்துக்கு மேலே, கான் நிறுவனத்தின் மேல்வரிசையும் மோயுவின் வெய்லாங் வரிசையும் இருக்கின்றன. இவற்றில் காசு போவது பெரும்பாலும் நுட்பமான சரிசெய்தலுக்கு. இறுக்கம் ஒரு பக்கம், ஸ்பிரிங் அல்லது காந்தத் தள்ளலின் அழுத்தம் ஒரு பக்கம், காந்தத்தின் பலம் ஒரு பக்கம் என்று மூன்றையும் தனித்தனியாகப் படிப்படியாக மாற்றிக்கொள்ளலாம். எடையும் குறைவு. பிடிப்புக்காக மேலே பூசிய பளபளப்புப் பூச்சு, பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஆறு பக்கமும் ஒரே மாதிரி திரும்பும்படி செய்த கவனம், தரமான பெட்டி, திருப்புளி இவையெல்லாம் அந்த விலையில் அடக்கம். விநாடிக்கு எட்டு, பத்து திருப்பு திருப்பும் கைக்கு இவை தெரியும். விநாடிக்கு மூன்று திருப்பும் கை இந்த வேறுபாடுகளை உணர்வதற்கே நாளாகும். சொல்லப்போனால் சிரமமும் உண்டு: மிக வேகமான கியூப் பழகாத கையில் அளவுக்கு மீறி ஓடிவிடும்.

அதற்குப் போட்டியில் தண்டனையும் இருக்கிறது. உலகக் கியூப் சங்கத்தின் விதிப்படி, டைமரை நிறுத்தும்போது ஒரு பக்கம் 45 பாகைக்கு மேல் கோணலாக நின்றால் இரண்டு விநாடி கூட்டிவிடுவார்கள். கட்டுக்கு அடங்காத கியூபால் கடைசித் திருப்பு ஓடிப்போய் இப்படி நின்றுவிட்டால், மேலே கணக்குப் போட்ட 4 விநாடி மிச்சத்தில் பாதி அங்கே போய்விடும்.

நான்காவது, வாங்கும்போது

நம் ஊர்க் கடைகளில் வேகக் கியூப் அரிது. இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். கியூப்களுக்கென்றே நடக்கும் கடைகளில் வாங்குங்கள். எல்லாப் பொருளும் விற்கும் பெரிய தளங்களில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள். எனக்கு ஒருமுறை படத்தில் காந்தக் கியூப் என்று காட்டிவிட்டு, காந்தமே இல்லாததை ஒரு விற்பனையாளர் அனுப்பிவிட்டார். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்திருந்ததால்தான் பணம் திரும்பியது. காந்தம் இருக்கிறதா என்று அறிய, ஒரு மூலைத்துண்டைக் கழற்றி மேசைமேல் கிடக்கும் குண்டூசி அருகே கொண்டுபோனால் போதும்.

கீழக்கரைப் பக்கம் பலருக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. வெளிநாட்டு வேலையிலிருந்து ஊருக்கு வரும் சபுராளி மாமாவோ காக்காவோ (அண்ணனோ) பிள்ளைக்கு ஆசையாக ஒரு கியூப் வாங்கி வருவார். விமான நிலையக் கடையில் அதிக விலை கொடுத்து வாங்கிய அது, மேலே சொன்ன முதல் சோதனையிலேயே தோற்கும். எப்படிக் கேட்பது என்று தயங்காமல், நிறுவனத்தின் பெயர், மாதிரியின் பெயர், 'காந்தம் உள்ளது' என்கிற குறிப்பு மூன்றையும் எழுதி அனுப்பிவிடுங்கள். அன்பாக வாங்கி வருவது பயன்படட்டும்.

கைபேசியோடு இணையும் கியூப்களும் உண்டு. பயிற்சிக்கு நன்றாக இருக்கும். போட்டியில் அனுமதி கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஓர் எச்சரிக்கை. கியூபுக்குள் இருக்கும் சிறு காந்தங்கள் கழன்று, குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள் அவை ஒன்றையொன்று இழுத்து, குடலையே துளைத்துவிடக்கூடும். கியூபை ஆட்டும்போது உள்ளே புதிதாகக் கலகல ஓசை கேட்டால் அன்றே பிரித்துப் பாருங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஐந்தாவது, கியூபை உங்கள் கைக்குப் பழக்குங்கள்

புதிய கியூப் வந்த அன்றே எண்ணெய் விடாதீர்கள். முதலில் இருநூறு முறையாவது சேர்த்துப் பாருங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று உரசிப் படிந்துவிடும். அதற்குப் பிறகு அது புது ஆளாக இருக்கும்.

பிறகு திருப்புளியை எடுங்கள். நடுத்துண்டின் மூடியைக் கழற்றினால் திருகாணி தெரியும். ஆறு திருகாணியையும் ஒரே அளவு, அதாவது கால் சுற்றுக்கு மேல் போகாமல், திருகுங்கள். துண்டு தெறித்து வெளியே வந்தால் கியூப் தளர்வாக இருக்கிறது, இறுக்குங்கள். அடிக்கடி சிக்கிக்கொண்டால் இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி திரும்பினால் அந்த ஒரு திருகாணியை மட்டும் பாருங்கள். எண்ணூறு ரூபாய் கியூபை அரை மணி நேரம் உட்கார்ந்து இப்படிச் சரிசெய்தால், சரிசெய்யாத மூவாயிரம் ரூபாய் கியூபைவிட நன்றாகத் திரும்பும். இதை நான் பலமுறை கையால் உணர்ந்திருக்கிறேன்.

எண்ணெய் என்றால் கியூபுக்கென்று விற்கும் சிலிக்கான் எண்ணெய் மட்டுமே. மையத்துக்கு ஒரு சொட்டு, துண்டுகளுக்கு இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் தூசியை இழுத்துப் பிசினாகிவிடும். படகு எஞ்சினுக்கு வைத்திருக்கும் எண்ணெய், துரு நீக்கத் தெளிக்கும் திரவம் எதையும் விடாதீர்கள்; பெட்ரோலிய வகைகள் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

ஆறாவது, உப்பும் மணலும்

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் கரைக்கு இதுதான் முக்கியம். விலை உயர்ந்த கியூப் வாங்குவதற்கு முன் நான் கேட்கும் கேள்வியும் இதுதான்: அதை எங்கே வைப்பீர்கள்?

தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் ஓரத்து வீடுகளில் காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும். வாடை வந்தால் வடகடல் பக்கத்துக்கும் அதே நிலை. வீட்டுக் கதவின் கீல், சைக்கிள் சங்கிலி, மின்விசிறியின் திருகாணி எல்லாம் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கியூபுக்குள் இருக்கும் திருகாணியும் ஸ்பிரிங்கும் இரும்புதான். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தத்துக்கும் மேலே மெல்லிய உலோகப் பூச்சு ஒன்றுதான் காவல். அது கீறிவிட்டால் காந்தம் அரித்து உப்பிப்போகும்.

என்னுடைய முதல் விலை உயர்ந்த கியூப் அப்படித்தான் போனது. கடலைப் பார்த்த ஜன்னல் விளிம்பில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு கச்சான் காலம் முழுக்க வைத்திருந்தேன். செப்டம்பரில் எடுத்தபோது இரண்டு பக்கங்கள் திரும்பும்போது கரகரத்தன. பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங்கில் செம்பழுப்புத் தூள். அதன் பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்த எண்ணூறு ரூபாய் கியூப் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மனது வலித்தது, அந்தப் பணத்தைச் சேர்க்க எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். மருந்துக் குப்பி, புதுச் செருப்புப் பெட்டி, பை இவற்றில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் அதற்குள் போடுங்கள். கியூப் கையில் இல்லாத நேரமெல்லாம் அதற்குள்தான் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பிளாஸ்டிக் துண்டுகளை மட்டும் லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். மையத்தைத் தண்ணீரில் போடக் கூடாது. மெல்லிய துணியால் துடைத்து, திருகாணிமேல் ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் தடவுங்கள். வள்ளத்தில் மோட்டார் வைத்திருப்பவர்கள் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒழுங்கு இதற்கும் வேண்டும்.

மணல் இன்னொரு எதிரி. சின்ன வயதில் காந்தத்தை மணலில் இழுத்து, அதில் முள்ளம்பன்றி போல ஒட்டும் கருப்புத் தூளைச் சேர்த்து நாம் எல்லாரும் விளையாடியிருக்கிறோம். 48 காந்தம் உள்ள கியூபைக் கடற்கரை மணலில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தூள் உள்ளே புகுந்துவிட்டால் ஊதினாலும் தட்டினாலும் போகாது. ஒவ்வொரு திருப்பும் பிளாஸ்டிக்கை அராவும். அரிச்சல்முனைக்கோ குந்துகால் கரைக்கோ போகும்போது விளையாடியே ஆக வேண்டும் என்றால், பழைய, காந்தமில்லாத கியூபை எடுத்துப் போங்கள். கை வியர்க்கும் உச்சி வெயிலில் கியூபைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள், வியர்வையும் உப்புதானே. நிறுத்திவைத்த இருசக்கர வண்டிப் பெட்டிக்குள் மதியம் முழுவதும் கியூபை வைக்காதீர்கள். காந்தத்தை ஒட்டியிருக்கும் பசை இளகக்கூடும்.

மேக்லெவ் கியூபில் துருப்பிடிக்க ஸ்பிரிங் இல்லை என்பது நம் கரைக்கு உண்மையான ஒரு சாதகம். கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்க நினைப்பவருக்கு நான் சொல்வது அதைத்தான்: ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மேக்லெவ் வாங்குங்கள். அதிலும் திருகாணி இருக்கிறது, டப்பா கட்டாயம்.

ஏழாவது, கடன் வாங்கிச் சோதித்த பிறகே பணம்

எல்லாம் செய்து, உங்கள் சராசரி இருபது விநாடியை ஒட்டி வந்துவிட்டது. 24 திருப்பு சோதனையில் 4 விநாடிக்குள் முடிக்கிறீர்கள். ஆனால் கியூப் சிக்கிச் சிக்கி நேரம் போகிறது. இப்போது விலை உயர்ந்த கியூபைப் பற்றிப் பேசுவோம்.

அதை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு வாரம் கடன் கேளுங்கள். முதல் இரண்டு நாள் குறிப்பு எடுக்க வேண்டாம். புதுக் கியூபில் விரல் தடுமாறும், அல்லது புதுமையின் உற்சாகத்தில் நேரம் குறையும். இரண்டுமே பொய். மூன்றாம் நாளிலிருந்து உங்கள் கியூபில் ஐந்து, அவருடையதில் ஐந்து என மாற்றி மாற்றிச் சேர்த்துப் பாருங்கள். போட்டியில் செய்வதைப்போல ஐந்தில் மிக நல்லதையும் மிக மோசமானதையும் விட்டுவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எழுதுங்கள். வாரக் கடைசியில் இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு விநாடிக்கு மேல் தொடர்ந்து வித்தியாசம் இருந்தால் அந்தக் கியூப் உங்கள் கைக்கு உகந்தது, பணம் வீணாகாது. அரை விநாடி அங்கும் இங்கும் ஆடினால் பொறுத்திருங்கள்.

ஒரு விதிவிலக்கு. இதுவரை சொன்னது மூன்றடுக்குக் கியூபுக்கு. நான்கடுக்கு, ஐந்தடுக்குக் கியூபுகளிலும் பன்னிரண்டு பக்கமுள்ள மெகாமிங்ஸிலும் துண்டுகள் அதிகம். மிக மலிவானவை சிக்கிக்கொண்டும் தெறித்தும் பொறுமையைச் சோதிக்கும். அங்கே நடுத்தர விலைக்கு முதலிலேயே போய்விடுவது நல்லது. இரண்டடுக்குக் கியூபுக்கும் பிரமிடு வடிவப் பிரமிங்ஸுக்கும் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை.

பணம் கையில் இருக்கிறது, செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு போட்டிக்குப் போய் வாருங்கள். உலகக் கியூப் சங்கத்தின் தளத்தில் சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் நடக்கும் போட்டிகளின் அறிவிப்பு வரும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. இரவு ராமேஸ்வரத்தில் ஏறினால் காலையில் சென்னையில் இறங்கலாம். பிள்ளைக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் டிக்கெட், பதிவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மேல்வரிசைக் கியூபின் விலைக்குள் அடங்கிவிடும். கியூபைப் பார்த்துத் திட்டமிட 15 விநாடி, ஐந்து முயற்சி, உண்மையான டைமர். அதற்கு மேல், அங்கே வருகிறவர்கள் தங்கள் கியூபைக் கேட்டால் கொடுப்பார்கள். கடையில் படமாக மட்டுமே பார்த்த பத்துக் கியூபை ஒரே நாளில் கையில் திருப்பிப் பார்த்துவிடலாம். நான் போன முதல் போட்டியில் அப்படித் திருப்பிப் பார்த்த பிறகு, வாங்க நினைத்திருந்த மாதிரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்தப் பையன் தடைக்காலம் முடிவதற்குள் பதினாறு ஃபார்முலாவையும் படித்தான். எண்ணூறு ரூபாய் கியூபை டப்பாவுக்குள் வைத்து எடுக்கிறான். இப்போது அவன் சராசரி 24 விநாடி. 24 திருப்பு சோதனையில் 4 விநாடி. 60 திருப்புக்குக் கணக்குப் போட்டால் 10 விநாடி. இன்னும் 14 விநாடி தேடலில்தான் போகிறது என்று அவனே நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருக்கிறான். அம்மாவின் பணம் அஞ்சலகக் கணக்கில் இருக்கிறது. அடுத்த சோதனைக்கு ஜூன் 14ஐக் குறித்திருக்கிறோம்.